மகனை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார் டீச்சர், அனுப்பலாமா?

கேள்வி: நாங்கள் கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் இருக்கிறோம். கணவர் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டுகிறார். மகனுக்கு 11 வயது. தமிழ்ப்பள்ளியில் சிறப்புக் கல்வி வகுப்பில் படிக்கிறான். ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளி) அட்டையில் கற்றல் குறைபாடு என்று பதிந்திருக்கிறார்கள். ஓரிரு வார்த்தைதான் பேசுவான். இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் டீச்சர் எல்லாப் பிள்ளைகளுக்கும் டிஜிட்டல் போர்ட்ஃபோலியோ, அதாவது பிள்ளை செய்வதைச் சேர்த்து வைக்கும் தொகுப்பு, செய்கிறாராம். வீட்டில் அவன் செய்வதை வாரம் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார். என்னிடம் பழைய கைப்பேசி ஒன்றுதான் இருக்கிறது. "பிள்ளையைப் படம் பிடித்து ஊருக்குக் காட்டாதே" என்கிறார் மாமியார். போன ஆண்டு வகுப்புக் குழுவில் போட்ட ஒரு படம் சுற்றிச் சுற்றிச் சொந்தக்காரர்கள் கைக்கே வந்துவிட்டது. ரிப்போர்ட்டில் கணிதத்துக்கு அடைவுநிலை 1 (ஆகக் கீழ் நிலை) என்று போட்டிருக்கிறார்கள். ஆனால் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஐந்து பேருக்கும் ஐந்து தட்டு சரியாக எடுத்து வைக்கிறான். இதெல்லாம் டீச்சருடைய ஃபைல் வேலையா, என் பிள்ளைக்குப் பயன் உண்டா? இரண்டு வருடத்தில் இடைநிலைப்பள்ளிக்குப் போவான், அங்கே யாராவது இதைப் பார்ப்பார்களா?

பீடோங் வாசகி

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

அனுப்புங்கள். ஆனால் வாரம் ஒன்று வேண்டாம், குழுவில் வேண்டாம், எதற்கு என்று கேட்காமலும் வேண்டாம். முதலில் அந்தத் தட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே பதில் இருக்கிறது.

அடைவுநிலை 1 என்று போட்டவரும் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை. வகுப்பில் ஐந்து கட்டைகளை முன்னால் வைத்து "எத்தனை இருக்கு?" என்று கேட்டிருப்பார்கள். பதிலை வாயால் சொல்ல வேண்டும். பேச்சு குறைவான பிள்ளை என்ன செய்யும்? கட்டையை உருட்டிக்கொண்டிருக்கும், அல்லது டீச்சர் முகத்தைப் பார்த்துச் சிரிக்கும். அங்கே சோதிக்கப்பட்டது அவனுடைய எண்ணிக்கையா, பேச்சா என்பதே எனக்குச் சந்தேகம்.

அதற்காக, வீட்டில் ஐந்து தட்டு வைப்பதால் அவனுக்கு ஐந்து வரை எண்ணத் தெரியும் என்றும் உடனே முடிவு கட்ட முடியாது. உங்கள் வீட்டுத் தட்டு அடுக்கில் எத்தனை தட்டு இருக்கிறது? மொத்தமே ஐந்துதான் என்றால், இருப்பதை எல்லாம் எடுத்து வருகிறான், அவ்வளவுதான். எட்டு இருந்து அதில் ஐந்தை மட்டும் எடுத்து வருகிறான் என்றால் கதையே வேறு. அதிலும் இரண்டு வகை உண்டு. அப்பாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று என்று ஆளை நினைத்து ஒவ்வொன்றாக வைக்கலாம். அல்லது அடுக்கிலேயே ஐந்தை எண்ணி எடுத்துவிட்டு வரலாம். முதலாவதை ஆளுக்கு ஒன்று பொருத்துவது என்போம். எண்ணுவதற்கு அடித்தளமே அதுதான். இரண்டாவது அதற்கு அடுத்த படி.

அடுத்த முறை வீட்டுக்கு ஒருவர் கூடுதலாகச் சாப்பிட வரும்போது ஒன்று செய்யுங்கள். அடுக்கில் எட்டுத் தட்டு இருக்கட்டும். அவனிடம் எதுவும் சொல்லாதீர்கள், கண்ணாலும் காட்டாதீர்கள். கைப்பேசியைத் தண்ணீர் ஜக்கின் மேல் சாய்த்து வைத்து, வீடியோவை ஓட விடுங்கள். ஐந்தை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுகிறானா? ஐந்தை வைத்துவிட்டு, வந்தவரைப் பார்த்ததும் போய் இன்னொன்று எடுத்து வருகிறானா? போகும்போதே ஆறு எடுத்து வருகிறானா? மூன்றில் எது நடந்தாலும் சரி, தோற்றுப் போவதற்கு அதில் ஒன்றுமில்லை. முதலாவது என்றால் இது பழக்கம். இரண்டாவது என்றால் ஆளையும் தட்டையும் பொருத்தத் தெரிகிறது. மூன்றாவது என்றால் டீச்சர் உட்கார்ந்து ரிப்போர்ட்டைத் திரும்ப யோசிக்க வேண்டியிருக்கும். முப்பது விநாடி வீடியோ இது. நாளைக்கு வகுப்பில் எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பதை அந்த ஒற்றை எண்ணைவிட இது தெளிவாகச் சொல்லும்.

சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்கு இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், ஓரிடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானாக வந்து சேராது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் இதை அதிகமாகப் பார்க்கலாம், மற்றவர்களிடமும் உண்டு. பள்ளிக் குழாயில் கை கழுவக் கற்ற பிள்ளை, வீட்டுக் குழாயின் திருகு வேறு மாதிரி இருந்தால் அப்படியே நிற்கும். வீட்டில் செய்வது பள்ளிக்குத் தெரியாது, பள்ளியில் செய்வது வீட்டுக்குத் தெரியாது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் இடம் வேண்டும். போர்ட்ஃபோலியோ என்பது அந்த இடம்தான். அதற்கு மேல் அதில் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை.

இனி, ஃபைல் வேலையா என்ற உங்கள் சந்தேகம். நியாயமான சந்தேகம்தான். பள்ளியைச் சோதிக்கும் நசீர் அதிகாரிகள் வருகிறார்கள் என்றதும் ஒரே வாரத்தில் முளைக்கிற தொகுப்புகளை நானும் பார்த்திருக்கிறேன். கென்வா என்ற வடிவமைப்புச் செயலியில் பூப்போட்ட பக்கம், பொங்கல் வேட்டியில் ஒரு படம், ஆசிரியர் தினத்தில் கேக் வெட்டும் ஒரு படம், எல்லாரும் சிரிக்கிறார்கள். கல்யாண ஆல்பம் மாதிரி அழகாக இருக்கும். பிள்ளைக்கு என்ன முடியும், என்ன முடியாது, எந்த உதவி கொடுத்தால் முடியும் என்பது மட்டும் அதில் இருக்காது. அப்படிப்பட்ட தொகுப்புக்காக நீங்கள் வாரா வாரம் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடக்க வேண்டாம்.

உங்கள் டீச்சர் அந்த ரகமா என்று எனக்குத் தெரியாது. வீட்டில் செய்வதைக் கேட்கிறாரே, அதை வைத்துப் பார்த்தால் நல்லவிதமாகத்தான் தோன்றுகிறது. அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "டீச்சர், ஆர்.பி.ஐ.-யில் உள்ள எந்த இலக்குக்கு இந்த வீடியோ?"

ஆர்.பி.ஐ. என்பது உங்கள் மகனுக்கென்றே எழுதப்படும் தனிநபர் கல்வித் திட்டம். இந்த ஆண்டு அவன் என்னென்ன கற்க வேண்டும், அதை எப்படிக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று அதில் இருக்கும். அதைப் பெற்றோரோடு பேசி எழுத வேண்டும், பெற்றோர் கையெழுத்தும் அதில் உண்டு. நடப்பில் என்ன ஆகிறது? வேலையிலிருந்து அரை நாள் விடுப்பு எடுத்துப் போகிறோம், "இங்க சைன் பண்ணுங்க" என்கிறார்கள், பண்ணிவிட்டு வருகிறோம். நீங்களும் அப்படித்தான் வந்திருப்பீர்கள் என்றால் குற்றமில்லை, பெரும்பாலோர் அப்படித்தான். இப்போது போய் ஒரு நகல் கேளுங்கள். மலாயில்தான் இருக்கும். டீச்சரையே பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக அர்த்தம் கேளுங்கள். அதிலிருந்து இரண்டு இலக்கு, மிஞ்சினால் மூன்று, வீட்டிலும் நடக்கக்கூடியதாக எடுத்துக்கொள்ளுங்கள். சட்டைப் பொத்தான் போடுவது, எண்ணுவது, வேண்டியதைக் கேட்பது என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றுக்கு மட்டும் வீடியோ. ஓர் இலக்குக்கு மாதம் ஒன்று போதும். வாரா வாரம் எடுத்தால் மாற்றமே தெரியாது, உங்களுக்கும் சலித்துவிடும், அவனும் கைப்பேசியைக் கண்டாலே ஓடுவான்.

எப்படி எடுப்பது என்பதில்தான் தொகுப்பின் உயிர் இருக்கிறது. அதனால் பொத்தானையே எடுத்துக்கொண்டு கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பொத்தான் போடக் கற்றுக்கொடுக்கும்போது கடைசிப் படியிலிருந்து தொடங்குவது ஒரு முறை. நீங்கள் பொத்தானைத் துளைக்குள் பாதி நுழைத்துவிடுகிறீர்கள். மீதியை அவன் இந்தப் பக்கத்திலிருந்து இழுக்கிறான். வேலை முடிந்துவிட்டது என்ற சந்தோஷம் அவனுக்குக் கிடைக்கிறது. அது கைக்கு வந்ததும் நீங்கள் நுழைப்பதைக் கால்வாசியாகக் குறைக்கிறீர்கள். அப்புறம் துளையின் வாயில் வைத்துவிட்டு விடுகிறீர்கள். கடைசியில் பொத்தானைப் பிடிப்பதே அவன். இதை முதல் மாதம் வீடியோ எடுத்தால், பார்ப்பவருக்கு எல்லாவற்றையும் அம்மாவே செய்கிற மாதிரித் தெரியும். மூன்றாம் மாதத்திலும் உங்கள் கை அதில் இருக்கும். ஆனால் கை செய்கிற வேலை குறைந்திருக்கும். முன்னேற்றம் என்று நான் சொல்வது அந்தக் குறைவைத்தான். பொத்தான் போட்டானா இல்லையா என்று மட்டும் பார்த்தால், இத்தனை மாதமும் "இல்லை" என்றே எழுத வேண்டியிருக்கும்.

ஆகவே வீடியோவில் என்ன உதவி கொடுத்தீர்கள் என்பது கட்டாயம் இருக்க வேண்டும். எழுத வேண்டாம், முடியும்போது உங்கள் குரலிலேயே சொல்லிவிடுங்கள். "மார்ச் 8, நீலச் சட்டை, பாதி நுழைத்துக் கொடுத்தேன், இழுத்துட்டான்." வீட்டில் பேசுகிற தமிழே போதும். உதவியில் படிகள் உண்டு. கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, முழங்கையைத் தொட்டு ஆரம்பித்து வைப்பது, செய்து காட்டுவது அல்லது விரலால் சுட்டுவது, வாயால் சொல்வது, ஒன்றுமே இல்லாமல் விடுவது. இந்த ஐந்தில் எது என்று ஒரு வார்த்தை சொன்னால் டீச்சர் புரிந்துகொள்வார். சட்டையை மாற்றாதீர்கள். பெரிய பொத்தான் உள்ள சட்டையில் ஒரு மாதம், சின்னப் பொத்தானில் ஒரு மாதம் என்றால் எதையும் ஒப்பிட முடியாது. இடம், வெளிச்சம், கைப்பேசி இருக்கும் கோணம் எல்லாம் அதே மாதிரி இருக்கட்டும். சரியாக வரவில்லை என்று திரும்பத் திரும்ப எடுக்காதீர்கள். சரியாக வராததும் ஒரு தகவல்தான்.

முகம் வேண்டியதே இல்லை. கையை மட்டும் எடுங்கள். பொத்தான், பென்சில், தட்டு, காசு எண்ணுவது எல்லாவற்றுக்கும் கழுத்துக்குக் கீழே எடுத்தால் போதும். உங்கள் மாமியாரின் கவலையில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும். அவர் சொல்வதைப் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். ஊருக்குக் காட்டாதே என்பது சரியான அறிவுரை. நாம் ஊருக்குக் காட்டப் போவதில்லை, அவனுக்குக் கற்றுக்கொடுப்பவர்களுக்கு மட்டும் காட்டப் போகிறோம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

எடுக்கவே கூடாதவை சில உண்டு. குளியலறை, கழிவறை, உடை மாற்றுவது. கழிவறைப் பயிற்சி ஆர்.பி.ஐ.-யில் இலக்காகவே இருந்தாலும் அதற்கு வீடியோ வேண்டாம். ஒரு தாளில் தேதி போட்டு டிக் அடித்து, அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினால் போதும். அவன் அழுது புரண்டு அடம்பிடிக்கும் நேரத்திலும் எடுக்காதீர்கள். பிள்ளையின் மிக மோசமான ஐந்து நிமிடம் ஒரு கோப்பில் நிரந்தரமாகக் கிடக்க வேண்டிய அவசியம் என்ன? வலிப்பு மாதிரி ஏதாவது வந்து, மருத்துவர் வீடியோ எடுத்து வரச் சொன்னால் அது வேறு. அதை மருத்துவருக்கு மட்டும் காட்டுங்கள், பள்ளித் தொகுப்பில் சேர்க்காதீர்கள்.

அவனுக்கும் இதில் ஒரு வார்த்தை இருக்கட்டும். பேச்சு குறைவான பிள்ளை என்பதால் அவனைக் கேட்க முடியாது என்றில்லை. மாதக் கடைசியில் இரண்டு வீடியோவைப் போட்டுக் காட்டுங்கள், எதை டீச்சருக்கு அனுப்பலாம் என்று கேளுங்கள். விரலால் தொடுவான். தொட்டதை அனுப்புங்கள். தான் நன்றாகச் செய்ததைத் தானே பார்ப்பது பல பிள்ளைகளுக்கு ஒரு பாடமாகவே வேலை செய்கிறது. அதையே ஒரு கற்பித்தல் முறையாகவும் வைத்திருக்கிறோம். சில பிள்ளைகளுக்கு ஒத்துவராது. வீடியோ எடுக்கும்போது கைப்பேசியைத் தள்ளிவிடுகிறான் என்றால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள். "வேண்டாம்" என்பதை வாயால் சொல்லாதபோது கையால் சொல்கிறான்.

குழு விஷயம். போன ஆண்டு நடந்ததுக்கு நீங்கள் பொறுப்பில்லை. வகுப்புக் குழுவில் விழுந்த படம் யார் யார் கைப்பேசிக்குப் போகும் என்று எவராலும் சொல்ல முடியாது, திரும்ப வாங்கவும் முடியாது. ஆகவே குழுவுக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள். டீச்சர் ஒரு கூகுள் டிரைவ் கோப்புறை திறந்து, அதில் உங்களையும் சேர்க்கட்டும். கல்வி அமைச்சின் டெலிமா என்ற இணையக் கற்றல் தளம் 2020-லிருந்து இருக்கிறது, மாணவர்களுக்கு அதில் கணக்கு உண்டு. உங்கள் மகனின் கணக்கு எண்ணும் கடவுச்சொல்லும் என்னவென்று கேட்டு வாங்கி வையுங்கள். பலர் கோவிட் காலத்தோடு அதை மறந்துவிட்டார்கள். கோப்புறையைப் பகிரும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். "இணைப்பு கையில் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று ஓர் அமைப்பு இருக்கும், பெயர் குறிப்பிட்டவர்கள் மட்டும் பார்க்கலாம் என்று இன்னொன்று இருக்கும். இரண்டாவதுதான் வேண்டும். டீச்சரின் கைப்பேசியிலேயே திறந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

அனுமதிக் கடிதம் என்று பள்ளி ஒரு தாள் கொடுத்தால், ஒரே கையெழுத்தில் எல்லாவற்றுக்கும் சம்மதம் கொடுத்துவிடாதீர்கள். வகுப்பில் கற்பிக்கப் பயன்படுத்துவது ஒன்று. சிகிச்சையாளர், அடுத்த பள்ளி ஆசிரியர் போன்றவர்களுக்குக் காட்டுவது இன்னொன்று. பள்ளியின் முகநூல் பக்கத்திலும் கண்காட்சியிலும் போடுவது முற்றிலும் வேறு. முதல் இரண்டுக்குச் சரி சொல்லுங்கள். மூன்றாவதுக்கு முடியாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் கூடச் சொல்ல வேண்டியதில்லை. தாளில் அப்படிப் பிரித்துப் போடவில்லை என்றால் நீங்களே பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டீச்சருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்பலாம்:

"வணக்கம் டீச்சர். தம்பியின் வீடியோக்களைக் கோப்புறையில் மட்டும் போடுகிறேன். குழுவிலும் முகநூலிலும் போட வேண்டாம். உங்களைத் தவிர யார் பார்ப்பார்கள், அவன் பள்ளியை விட்டுப் போகும்போது என்ன செய்வீர்கள் என்று தெரிந்தால் நல்லது. ஆர்.பி.ஐ. நகல் ஒன்றும் வேண்டும். நன்றி டீச்சர்."

மரியாதையும் குறையவில்லை, சொல்ல வேண்டியதும் விடுபடவில்லை.

பழைய கைப்பேசி ஒரு தடையே இல்லை. பள்ளி வழியாகச் சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்கு மாதம் 150 வெள்ளி (ரிங்கிட்) என்று வரும் உதவித்தொகையை இதற்காகப் புதுக் கைப்பேசியில் போட வேண்டாம். கேமரா அமைப்பில் 720 என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள், 1080 வேண்டாம். அளவு பெரிதாகக் குறையும், கை தெளிவாகவே தெரியும். முப்பது விநாடிக்கு மேல் போகாதீர்கள். கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. 2021 ஜூன் முதல் படங்களும் அந்தக் கணக்கிலேயே சேருகின்றன. காலை வணக்கப் படங்களைக் கொஞ்சம் அழித்தாலே மகனுக்கு இடம் கிடைத்துவிடும். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் ஏற்றி வீட்டில் வையுங்கள். இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். டீச்சரின் கணக்கில் மட்டும் இருக்கும் தொகுப்பு, டீச்சர் மாற்றலாகிப் போனால் அவரோடு போய்விடும்.

சுங்கைப் பட்டாணி மருத்துவமனையில் அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் தொழில்வழிச் சிகிச்சைக்கோ பேச்சுச் சிகிச்சைக்கோ அவனைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால், அங்கேயும் அந்த வீடியோக்களைக் காட்டுங்கள். புதிய இடத்தில் பாதிப் பிள்ளைகள் ஒன்றுமே செய்து காட்ட மாட்டார்கள். அடுத்த சந்திப்புக்கு எவ்வளவு நாள் காத்திருக்க வேண்டும் என்று நமக்கே தெரியும்.

கடைசியாக, இடைநிலைப்பள்ளி. தாமாகத் தேடிப் பார்ப்பார்களா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். நீங்கள் கொண்டுபோய்க் காட்டினால் பார்ப்பார்கள். ஆனால் தொகுப்பு முழுவதையும் தூக்கிக்கொண்டு போனால் யாரும் திறக்க மாட்டார்கள். எதைக் கொண்டு போவது என்பதை இப்போதே யோசித்து வையுங்கள்.

தமிழ்ப்பள்ளியிலிருந்து போகும் நம் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. உங்கள் மகனுக்கு இருக்கும் ஓரிரு வார்த்தையும் தமிழ். "தண்ணி", "வேணா", "வலிக்குது", "ஒண்ணுக்கு" என்று அவன் சொன்னால் இன்றைக்கு டீச்சருக்கும் வகுப்பு உதவியாளருக்கும் புரிகிறது. இடைநிலைப்பள்ளியின் முதல் ஆண்டான படிவம் 1-இல் அவனுக்கு வரும் ஆசிரியர் அனேகமாக மலாய்க்காரராக இருப்பார். அவன் "வலிக்குது" என்று பத்து முறை சொன்னாலும் அவர் காதில் அது வெறும் சத்தம். வலி தாங்காமல் தள்ளிவிட்டால், முரட்டுப் பிள்ளை என்று பெயர் வரும். இருக்கிற பேச்சும் பயனற்றுப் போய்விட்டது என்று அவனுக்குத் தோன்றிவிட்டால், பேசுவதையே விட்டுவிடவும் கூடும்.

ஆகவே, தொகுப்பின் முதல் பக்கமாக அவனுடைய சொற்களை வையுங்கள். ஒவ்வொரு சொல்லையும் அவன் உச்சரிக்கிற மாதிரியே குரலில் பதிவு செய்யுங்கள். "தண்ணி" என்பதை அவன் "தன்னி" என்றோ "நி" என்று மட்டுமோ சொன்னால், அப்படியே இருக்கட்டும், திருத்தாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மலாயில் அர்த்தம், அதோடு அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி. மலாய் எழுதுவது சிரமம் என்றால் டீச்சரையோ, வீட்டில் படிவம் 4, 5 படிக்கிற பிள்ளையையோ எழுதச் சொல்லுங்கள். சொல் இல்லாமல் அவன் காட்டும் குறிப்புகளையும் சேருங்கள். காதைப் பொத்தினால் என்ன, கதவுப் பக்கம் போய் நின்றால் என்ன, உங்கள் கையைப் பிடித்து இழுத்தால் என்ன என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரியும். இந்தப் பக்கத்தை இன்றைக்கே தொடங்கலாம். வருடத்துக்கு இரண்டு முறை திருத்தினால் போதும்.

அதற்கு அடுத்த பக்கத்தில் அவனுக்குப் பிடித்தது, பிடிக்காதது, எந்த உதவி வேலை செய்யும், எது செய்யாது. மூன்றாவதாக ஐந்தாறு வீடியோ. ஓர் இலக்கின் முதல் வீடியோவும் கடைசி வீடியோவும் இருந்தால் போதும், நடுவில் எடுத்தவை உங்கள் பென்டிரைவில் கிடக்கட்டும். வீட்டு வேலை செய்வது ஏதாவது இருந்தால் கட்டாயம் சேருங்கள். இடைநிலைப்பள்ளியில் சிறப்புக் கல்விப் பிள்ளைகளுக்குச் சமையல், தையல், பயிர் வளர்ப்பு என்று தொழில்சார்ந்த பாடங்கள் உண்டு. எதில் போடலாம் என்று யோசிக்கும் ஆசிரியருக்கு, துணி மடிக்கிற கையோ கறிவேப்பிலை உருவுகிற கையோ பரீட்சைத் தாளைவிட உதவும்.

இவனைச் சேர்க்க இடமில்லை, சமாளிக்க முடியாது என்று எவராவது இழுத்தால், 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 28-வது பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. குறைபாட்டைக் காரணம் காட்டிப் பொதுக் கல்வியிலிருந்து ஒரு பிள்ளையை விலக்கக் கூடாது என்கிறது அது. சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. மாவட்டக் கல்வி இலாகாவில் சிறப்புக் கல்விக்கென்று அதிகாரி இருப்பார், அவரிடம் போய்ப் பேசும்போது இந்தப் பிரிவின் பெயர் கையில் இருக்கட்டும்.

பள்ளி திறக்கும் முதல் நாள் தொகுப்பைக் கொடுக்காதீர்கள். அன்றைக்கு ஆசிரியர்களுக்குத் தண்ணீர் குடிக்கவும் நேரம் இருக்காது. சொற்களின் பக்கத்தை மட்டும் அச்செடுத்து அவன் பைக்குள் ஒன்று, ஆசிரியர் கையில் ஒன்று கொடுத்துவிட்டு வாருங்கள். இரண்டாவது வாரம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொண்டு போய் வீடியோக்களைக் காட்டுங்கள். அவருக்குக் கொடுப்பது நகல்தான், பென்டிரைவ் உங்களிடமே இருக்கட்டும்.